மஞ்சள் எந்த இடத்தில் என்று யாரும் கேட்கவில்லை

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. எங்கள் ஊர் மாடித்தோட்ட ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். அங்கே எழுதப்படும் தமிழைப் படிக்கவே மனம் கூசுகிறது. ல, ள, ழ வேறுபாடு கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது, ஒற்று என்ற ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. அண்மையில் ஒரு தம்பி, "வெண்டை செடில இலை மஞ்சலா ஆகுது நரம்பு நரம்பா தெரியுது என்ன பன்னலாம்" என்று கேட்டிருந்தார். 'வெண்டைச் செடியில்', 'மஞ்சளாக', 'பண்ணலாம்' என்று திருத்தி, பிழையின்றி எழுதப் பழகுங்கள் என்று அன்பாகத்தான் எழுதினேன். அவர் பதிவையே நீக்கிவிட்டார். அதன் பிறகு எதுவும் எழுதவில்லை. "இது என்ன தமிழ் வகுப்பா டீச்சர்?" என்று ஒருவர் கேலி செய்தார். இனித் திருத்த வேண்டாம் என்று அட்மின் தனியே கேட்டுக்கொண்டார். குழுவில் வந்த குறிப்புகளைத் தொகுத்துப் பொங்கலுக்கு ஒரு சிறு புத்தகம் போடப்போகிறார்களாம். அதுவும் இந்தத் தமிழில்தான் வருமோ என்று கவலையாக இருக்கிறது. பிழையைக் கண்டும் காணாமல் இருப்பது மொழிக்குச் செய்யும் துரோகம் இல்லையா? நான் செய்தது தவறா?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கேள்விக்கு நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுத்துப்பிழை என்ற அளவில் நீங்கள் சுட்டிய மூன்றும் பிழைகளே. ஆயினும் யாராவது சுட்டிக்காட்டியே தீர வேண்டும் என்ற அளவுக்கு அந்தப் பதிவில் வேறொரு குறை இருந்தது. அது உங்களுக்கும் தென்படவில்லை, கேலி செய்தவருக்கும் தென்படவில்லை, அட்மினுக்கும் தென்படவில்லை.

பதிப்பகத்தில் பிரதி திருத்தும் வேலையில் வேளாண்மை நூல்கள் பலவும் என் மேசைக்கு வந்திருப்பதால், அந்த வாக்கியத்தைப் படித்தபோது என் கண் தடுக்கிய இடம் 'மஞ்சலா' அன்று. 'நரம்பு நரம்பா தெரியுது' என்ற இடம். வெண்டை இலையின் நரம்புகள் மஞ்சளாகி, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி பச்சையாக இருந்தால், அது பெரும்பாலும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈக்கள் பரப்பும் நச்சுயிரியால் வருகிற அந்த நோய்க்கு மருந்து கிடையாது; தாக்கப்பட்ட செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, மற்றச் செடிகளில் ஈ சேராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. மாறாக, நரம்புகள் பச்சையாகவே இருந்து, இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளானால் அது சத்துக் குறைபாடாக இருக்கலாம். இளம் இலைகளில் தோன்றினால் இரும்புச்சத்தையும், முதிர்ந்த இலைகளில் தோன்றினால் மெக்னீசியத்தையும் முதலில் சந்தேகிப்பார்கள். இவற்றைச் சரிசெய்துவிட முடியும். ஆக, ஒரு விடை செடியைப் பிடுங்கச் சொல்கிறது. மற்றொரு விடை செடிக்கு ஊட்டம் கொடுக்கச் சொல்கிறது. தம்பி எழுதிய வாக்கியம் இரண்டுக்குமே இடம் தருகிறது. அவர் ளகரத்தைச் சரியாகப் போட்டு, வேண்டிய இடத்தில் சகர ஒற்றையும் சேர்த்து எழுதியிருந்தாலும் அந்த மயக்கம் தீர்ந்திருக்காது.

இது நீங்களே வகுப்பில் நடத்தியிருக்கக்கூடிய பாடம்தான். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று பத்தைச் சொல்கிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. இவற்றுள் சொல் வழுவைப் பற்றியது ஒன்றே ஒன்று. மற்ற ஒன்பதும், சொல்ல வந்தது படிப்பவரிடம் போய்ச் சேருகிறதா, சேர்ந்து பயன் தருகிறதா என்பதைப் பற்றியவை. எழுத்துக்கும் பதத்துக்கும் புணர்ச்சிக்கும் இயல் இயலாக விதி வகுத்த ஓர் இலக்கண ஆசிரியரே, எழுதுபவரின் குற்றங்களைப் பட்டியலிடும்போது இந்த விகிதத்தில்தான் நிற்கிறார். அந்த முறைப்படி தம்பியின் பதிவுக்கு மதிப்பெண் போட்டால், முதலில் குறைய வேண்டியது குன்றக் கூறலுக்காக, அதாவது சொல்ல வேண்டியதைக் குறையாகச் சொன்னதற்காக. அடுத்தது மயங்க வைத்தலுக்காக. வழூஉச்சொல் அதற்குப் பின்னரே. (கண்டிப்பான தேர்வாளர் ஒருவர், வெண்டையின் நோயைப் பற்றிய பேச்சுக்கு நடுவே ஒற்றைப் பற்றிப் பேசியது 'மற்றொன்று விரித்தல்' என்று சொல்லி உங்களுக்கும் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடும்.)

குற்றம் காட்டுவதே கூடாது என்று அந்த மரபு சொல்லவில்லை. அதே பாயிரம் எழுவகை மதங்களை, அதாவது நூலாசிரியர் மேற்கொள்ளும் கொள்கைகளை, கூறும்போது 'பிறர் நூல் குற்றம் காட்டல்' என்பதையும் அவற்றுள் ஒன்றாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அங்கே சொல்லப்படுவது நூல். ஒருவர் காலம் எடுத்து இயற்றி, அவையில் அரங்கேற்றி, தடை எழுப்புவோருக்கு விடை சொல்லத் தயாராக வந்து நிற்கும் ஆக்கம். வாடும் செடியைப் பார்த்துவிட்டு, மண் படிந்த கையைத் துடைத்துக்கொண்டே கைபேசியில் ஒரு வரியைத் தட்டியவர் அரங்கேற்றத்துக்கு வரவில்லை. குழுவில் இடப்படுவது எழுத்து வடிவில் இருந்தாலும் இயல்பில் அது பேச்சு. எனவே 'செடில', 'ஆகுது', 'தெரியுது' போன்றவற்றைப் பிழைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது என் கருத்து. நீங்கள் ஒற்றைச் சேர்த்தது திருத்தம். 'செடில' என்பதைச் 'செடியில்' ஆக்கியது திருத்தம் அன்று, ஒரு வழக்கை எடுத்துவிட்டு வேறொரு வழக்கை வைத்தது. வகுப்பறைக்கு வெளியே நீங்களும் நானும் 'செடில' என்றுதான் சொல்கிறோம்.

மீதமுள்ள பிழைகளுக்கும் எழுதியவரின் அக்கறையின்மைதான் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறும் முறையில் 'வலி', 'வளி', 'வழி' ஆகிய மூன்றுக்கும் பலர் தட்டுவது ஒரே எழுத்துகளைத்தான்; கருவி முன்வைக்கும் சொற்களில் விரலுக்கு முதலில் பட்டது பதிவாகிவிடும். 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசைகள் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதை முயன்று பழகியவர்களை உங்கள் குழுவில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். கருவியிடம் பேசிப் பதிவிடுபவர்கள் இன்னொரு வகை. அவர்கள் மூச்சு விட்ட இடங்களில் முற்றுப்புள்ளி பெரும்பாலும் தானாக விழுவதில்லை. வேறு மாநிலத்தில் படித்து வளர்ந்தவர், பள்ளியில் தமிழைப் பாடமாக எடுக்காதவர், படிப்பைப் பாதியில் நிறுத்தியவர், எழுத்துகள் இடம் மாறித் தெரியும் கற்றல் சிக்கல் உடையவர் ஆகியோரில் யார் எந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிறார் என்பது குழுவில் தெரியாது. வகுப்பில் உங்கள் முன் அமர்ந்திருந்த பிள்ளையின் வீட்டு நிலைமை வரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கேற்பச் சிலரிடம் கடிந்தும் சிலரிடம் கனிந்தும் சொல்லியிருப்பீர்கள். இங்கே அப்படிப் பார்த்துச் சொல்லும் வசதியே உங்களுக்கு இல்லை.

வகுப்பில் ஆசிரியர் திருத்துவார் என்பது இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்ட ஏற்பாடு; குழுவில் சேரும்போது யாரும் அப்படி ஒப்புக்கொள்ளவில்லை. திருத்தப்பட்டவர் ஒருவர்தான்; ஆனால் அதைப் பார்த்துவிட்டு, 'நமக்கு எதற்கு வம்பு' என்று எழுத வந்ததை எழுதாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. செடிகளைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் எல்லோரும் அழகாக எழுதத் தெரிந்தவர்களாக இருப்பதில்லை. நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர், ஊரில் கீரைப் பாத்தி போட்டுப் பழகிவிட்டு மகன் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்த பாட்டி போன்றோர் வாய் திறக்காமல் இருந்துவிட்டால், குழுவில் மிஞ்சுவது பிழையற்ற காலை வணக்கங்கள் மட்டுமே.

உங்களைப் பற்றியது அல்லாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒருவருடைய கருத்துக்கு மறுப்புச் சொல்ல வழியில்லாதபோது அவருடைய எழுத்துப்பிழையைப் பிடித்துக்கொண்டு, "முதலில் தமிழை ஒழுங்காக எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று வாதத்தை முடித்துவைக்கும் பழக்கம் இணையத்தில் வேரூன்றிவிட்டது. அரசியல் பேச்சில் மட்டுமல்ல, சமையல் குறிப்பிலும் இதைக் காணலாம். திருத்தம் இப்படி ஆயுதமாகிவிட்ட இடத்தில், நல்லெண்ணத்தோடு திருத்துபவரையும் மற்றவர்கள் அதே வரிசையில்தான் நிறுத்திப் பார்ப்பார்கள். உங்களைக் கேலி செய்தவரும் அந்தப் பழைய காயத்தோடு பேசியிருக்கலாம். இணையவழிக் குழுக்கள் தோன்றிய காலத்திலேயே இந்தச் சிக்கல் உணரப்பட்டிருந்தது. 1995 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி 1855 என்ற இணைய நன்னடத்தைக் குறிப்பு, அனுப்புவதில் கட்டுப்பாட்டையும் பெறுவதில் தாராளத்தையும் கடைப்பிடிக்கச் சொல்கிறது. குழுவில் ஒருவரோடு மட்டும் கருத்து வேறுபாடு எழுந்தால் அதைத் தனி அஞ்சலில் பேசிக்கொள்ளச் சொல்கிறது. முதல் அறிவுரை, கணினிகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்வதற்காக 1980இல் ஜான் போஸ்டல் எழுதிவைத்த தொழில்நுட்ப நெறியிலிருந்து வந்தது: தான் அனுப்புவதை விதி பிசகாமல் அனுப்ப வேண்டும், வந்து சேர்வதில் சிறு குறை இருந்தாலும் பொருள் விளங்கும் வரை ஏற்றுக்கொள்ள வேண்டும். கருவிகளுக்குச் சொன்னது மனிதர்களுக்கும் பொருந்திவிட்டது.

இவ்வளவையும் சொல்வதால் பிழையைக் கண்டால் வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதாகக் கருத வேண்டாம். பொருளைக் கெடுக்கும் பிழையை எல்லோர் முன்னிலையிலும், தாமதிக்காமல் சுட்டத்தான் வேண்டும்; தனிச்செய்தியில் சொல்லிவிட்டு விடுவதுதான் அங்கே தவறு. '300 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளிக்கவும்' என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்று சரியாக இருக்கிறது, எழுத்து சரியாக இருக்கிறது. எத்தனை லிட்டர் தண்ணீரில் என்பது மட்டும் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தெளிப்பதற்குப் பரிந்துரைப்பது 3 சதவீதக் கரைசல். அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி, ஒரு லிட்டருக்கு 30 மில்லி. மாடித்தோட்டக்காரர் கையில் இருப்பதோ பெரும்பாலும் ஒரு லிட்டர் கைத்தெளிப்பான். அந்தக் குறிப்பை நம்பி 300 மில்லியை அதில் ஊற்றினால் செடிக்குப் போவது பத்து மடங்கு. இன்னொரு வாக்கியம்: 'உரம் போட வேண்டாம் காய் பிடித்த பிறகு மருந்து அடிக்கலாம்'. 'காய் பிடித்த பிறகு' என்பது முன்னால் உள்ளதோடு சேருமா, பின்னால் உள்ளதோடு சேருமா? நேரில் சொல்லும்போது குரல் இறங்கும் இடம் காட்டிக்கொடுத்துவிடும்; எழுத்தில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது ஒரு முற்றுப்புள்ளி. இத்தகைய இடங்களில் உங்களைப் போன்ற பயின்ற கண் குழுவுக்குப் பெரும் உதவி.

அதையும் கேள்வியாகக் கேட்பதே நல்லது. "நரம்பு மஞ்சளாக இருக்கிறதா தம்பி, நரம்புக்கு நடுவில் இருக்கிற பகுதியா? கீழ் இலையா, கொழுந்தா? ஒரு படம் போட முடியுமா?" என்று நீங்கள் கேட்டிருந்தால், அவர் அடுத்து எழுதும் பதில் முதல் பதிவைவிடத் தானாகவே தெளிவடைந்திருக்கும். நூலாசிரியர்களோடு நாங்கள் வேலை செய்வதும் இப்படித்தான். பக்கத்தின் ஓரத்தில் 'தவறு' என்று எழுதினால் பிரதி கோபத்தோடு திரும்பி வரும், 'இங்கே எதைக் குறிப்பிடுகிறீர்கள்?' என்று எழுதினால் மறுநாளே நல்ல வாக்கியம் வந்துவிடும். நீங்கள் எழுதும் பதிலில் 'மஞ்சளாக' என்ற சொல் சரியான ளகரத்தோடு இருக்கப்போகிறது, கவனிக்கிறவர் கவனித்துக்கொள்வார். அந்தத் தம்பிக்கு இன்றைக்கே ஒரு தனிச்செய்தி அனுப்புங்கள். நீண்ட விளக்கமெல்லாம் வேண்டாம். வெண்டை என்ன ஆயிற்று என்று கேளுங்கள். நரம்புதான் மஞ்சள் என்று அவர் சொன்னால், செடியைப் பிடுங்குவதில் நாள் கடத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்படியானால் எழுத்துப்பிழையைப் பற்றி யாரிடமும் எதுவும் பேசக் கூடாதா என்று கேட்பீர்கள். கேட்டவருக்குச் சொல்லலாம், முன்பே பழகியவருக்கு, தனிச்செய்தியில், ஒரு நேரத்தில் ஒன்று என்று சொல்லலாம். சொல்வதற்கு முன் நாம் எழுதியதை இரண்டு முறை படித்துக்கொள்வது நல்லது. பிறர் எழுத்தைக் குறைகூறி எதை எழுதினாலும் அதிலேயே ஒரு பிழை வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதை ஆஸ்திரேலியப் பிரதி திருத்துநர் ஜான் பேங்ஸண்ட் 1992இல் 'மஃப்ரி விதி' என்று பெயரிட்டே எழுதிவைத்தார். எங்கள் தொழிலில் அதை நம்பாதவர் இல்லை. உங்கள் கடிதத்திலும் இரண்டு இடங்களில் ஒற்று விடுபட்டிருந்தது. அச்சுக்குப் போகும் முன் சேர்த்துவிட்டேன். எந்த இடங்கள் என்று இங்கே சொல்லப்போவதில்லை. தவிர, எல்லாத் திருத்தமும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதும் அன்று. 'வாழ்த்துகள்' சரியா, 'வாழ்த்துக்கள்' சரியா என்று தொடங்கிய வாக்குவாதம், வாழ்த்தப்பட்டவரின் பிறந்தநாள் முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்த குழுக்கள் உண்டு.

துரோகம் என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது மிகவும் கனத்த சொல் என்று எனக்குப் படுகிறது. பள்ளித் தேர்வுக்குப் பிறகு ஒரு பத்தி தமிழ்கூட எழுதியிராதவர்கள் இன்று நாள்தோறும் தமிழில் எழுதுகிறார்கள். தமிழை ஆங்கில எழுத்திலேயே தட்டிக்கொண்டிருந்தவர்கள் தமிழ் எழுத்துக்கு வந்திருக்கிறார்கள். பழக்கம் விட்டுப்போன கையின் எழுத்தில் பிழை இருக்கத்தான் செய்யும். தொடர்ந்து எழுதினால் குறையும். எழுதுவதையே நிறுத்திவிட்டால் குறைவதற்கு வழியில்லை. அந்தத் தம்பி இனித் தன் சந்தேகங்களை ஒலிப்பதிவாக அனுப்பலாம், ஆங்கிலத்தில் கேட்கலாம், கேட்காமலே விட்டுவிடலாம். இம்மூன்றில் எதனாலும் தமிழுக்கு ஆதாயம் இல்லை.

கண்டிப்புக்கு உரிய இடங்களும் உண்டு. குழுவின் பெயரால் வெளியிடும் அறிவிப்பு, விதைத் திருவிழாவுக்கு அடிக்கும் துண்டறிக்கை, மருந்தின் அளவுப் பட்டியல் ஆகியவை பேச்சு அல்ல. பலர் கைக்குப் போய் நிலைத்து நிற்பவை. அவற்றை வெளியிடும் முன் ஒரு முறை பார்த்துத் தருகிறேன் என்று அட்மினிடம் சொல்லிப் பாருங்கள்; அவர் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன். செடியைப் பற்றிக் கேட்பவர்கள் என்ன செடி, என்ன வயது, தொட்டியா பையா, எந்த இலை, எத்தனை நாளாக, கடைசியாக என்ன போட்டீர்கள் என்பவற்றைச் சொல்ல வேண்டும் என ஒரு சிறு குறிப்பை நீங்களே எழுதிக் கொடுத்து, குழுவின் மேற்பகுதியில் நிலையாக நிற்கும்படி வைக்கச் சொல்லலாம். குன்றக் கூறலுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

பொங்கல் தொகுப்பைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அந்தப் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வோர் ஒற்றுக்கும் கணக்குப் பார்க்கலாம். யாரும் 'வகுப்பா டீச்சர்' என்று கேட்கமாட்டார்கள். ஆனால் திருத்திய வடிவத்தை எழுதியவரிடம் ஒரு முறை காட்டிச் சம்மதம் பெற்றுவிடுங்கள். செடி வளர்த்தவருக்குத் தெரிந்த ஒரு நுணுக்கம், வாக்கியத்தைச் சீராக்கும் ஆர்வத்தில் நம் கையாலேயே அழிந்துவிடுவது உண்டு. காய்களின் பெயர்களை மட்டும் பொதுத்தமிழாக்கிவிட வேண்டாம். தெற்கே சீனியவரை என்பவருக்கும் வடக்கே கொத்தவரை என்பவருக்கும், கொங்கில் அரசாணிக்காய் என்பவருக்கும் மற்ற இடங்களில் பரங்கிக்காய் என்பவருக்கும் அந்தப் புத்தகம் போகப்போகிறது. முதல் முறை வரும்போது இரண்டு பெயரையும் போட்டு, பிறகு எழுதியவர் எதைச் சொன்னாரோ அதையே தொடருங்கள்.

அன்புடன்,
எழுத்துச் செம்மைப் பகுதி ஆலோசகர்